லிங்: மலையே கல்லறையானால் தமிழில் என்ன பெயர்?

சீனாவின் சியான் நகரிலிருந்து வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர் போனால் லியாங் மலை வரும். தாங் வம்சப் பேரரசர் காவோசோங்கும், அவர் மனைவியாக இருந்து பின்னாளில் தாமே பேரரசராக ஆண்ட வூ சேதியானும் அந்த மலைக்குள்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். இடத்தின் பெயர் சியென்லிங். போய் வந்தவர்கள் தமிழில் எழுதும்போது ஒருவர் சமாதி என்கிறார், இன்னொருவர் நினைவிடம் என்கிறார், மற்றொருவர் 'மௌசோலியம்' என்றே விட்டுவிடுகிறார். எது சரி?

மௌசோலியம் ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்த சொல். இன்றைய துருக்கியின் போத்ரூம் நகருக்கு அன்று ஹாலிகர்னாசஸ் என்று பெயர். அங்கிருந்து ஆண்ட மௌசோலஸ் கி.மு. 353-இல் இறந்தார். அவருக்காக எழுந்த பெரிய கல்லறை உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றாயிற்று. அப்புறம் ரோமானியர்கள் தங்கள் பேரரசர் அகஸ்டஸின் கல்லறைக்கும் அதே பெயரை வைக்க, பொதுச்சொல்லாகிவிட்டது. ஆக, அந்தச் சொல்லுக்கு அடிப்படையாக இருப்பது ஒரு கட்டடம்.

சீனச்சொல் 'லிங்' அப்படியில்லை. அதன் முதற்பொருளே குன்று, மேடு. அந்த எழுத்தின் இடப்பக்க உறுப்பும் மண்மேட்டைக் குறிப்பதுதான். அரசர்களைப் புதைத்து மேலே மலைபோல மண் குவித்ததால், குன்றின் பெயர் அரச கல்லறைக்கு ஆகிவந்தது. சாதாரண மக்களின் கல்லறை 'மூ'. கன்ஃபூசியஸ் அடக்கமான இடமோ 'லின்', அதாவது காடு. மாவோவின் உடல் இருக்கும் பெய்ஜிங் கட்டடத்தைச் சீனர்கள் லிங் என்பதில்லை. நினைவு மண்டபம் என்றே சொல்கிறார்கள்.

தாங் அரசர்கள் பலர் மண் குவிப்பதை விட்டு, இருக்கிற மலையையே குடைந்தார்கள். சியென்லிங்கில் தெற்கே இரண்டு சிறு குன்றுகள் வாயில்தூண் மாதிரி நிற்கின்றன. அவற்றினூடே போகும் பாதையில் சிறகுள்ள கல் குதிரைகள், வூ சேதியானுக்கான எழுத்தில்லாத நெடுங்கல், அப்புறம் அயல்நாட்டார் சிலைகள் 61. கிட்டே போய்ப் பாருங்கள்: இடுப்பில் அகலமான கச்சை, மார்புக்கு நேரே கூப்பிய கைகள், பெரும்பாலானவற்றுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. எதிரே மலை. கல்லறைக்குள் போகும் வழியைக் கற்பாளங்களால் அடைத்து, இடையில் இரும்பை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். இன்றுவரை திறக்கவில்லை.

இதை நினைவிடம் என்றால் போதாது, உடல் இல்லாத இடத்துக்கும் அந்தச் சொல் வரும். சமாதி என்றால் நமக்குச் சித்தர் நினைவு வந்துவிடுகிறது. கல்லறை பொருந்தும், ஆனால் அது உள்ளே இருக்கும் அறையைத்தான் சொல்கிறது, மலையை விட்டுவிடுகிறது. அரச மரியாதையில் நெருங்கி வருவது பள்ளிப்படை, அதாவது இறந்த அரச குடும்பத்தாரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பும் கோயில். பழையாறையில் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குச் சோழப் பேரரசன் முதலாம் இராஜேந்திரன் எடுப்பித்தது போன்றது. ஆனால் அது சிவன் கோயில். சீன மலைக்கு அந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

புறநானூற்றில் 'ஈமத்தாழி' இருக்கிறது. ஈமம் என்றதும் சுடுகாட்டு விறகு நினைவுக்கு வந்தாலும், புதைக்கும் தாழிக்கும் அச்சொல் அங்கே ஆளப்பட்டிருக்கிறது. அந்தத் துணிச்சலில் லிங் என்பதற்கு 'ஈமக்குன்று' என்று எழுதுகிறேன். குவித்த மேடானாலும் குடைந்த மலையானாலும் பொருந்தும். மௌசோலஸுக்குக் கட்டியது போன்ற கட்டடமானால், கல்லறை மாடம்.