கேன்வாஸ்: கித்தானா, திரையா, வரைதளமா?

கேன்வாஸ் மதுரைக்குப் புதிய சொல் இல்லை. பள்ளிக்கூடத்து வெள்ளை ஷூ கேன்வாஸ். மாட்டுத்தாவணியில் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆம்னி பஸ்ஸுக்கு ஆள் சேர்ப்பதும் கேன்வாஸ். தேர்தல் வந்தால் ஓட்டுக்கும் அதேதான். பைத்தான் நிரல்மொழியில் மேட்பிளாட்லிப் என்ற நூலகத்தை வைத்து வரைபடம் போடுகிறவர்கள் இச்சொல்லை இன்னொரு பொருளில் சந்திக்கிறார்கள், பெரும்பாலும் படம் வராமல் அடம்பிடிக்கும் நேரத்தில்.

சொல்லின் வேர் கிரேக்கத்துக் கன்னபிஸ், அதாவது கஞ்சாச் செடி. அதன் தண்டு நாரில் நெய்த முரட்டுத் துணிக்கு லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் கேன்வாஸ் என்று பெயர் வந்தது. கப்பல் பாய்க்கும் கூடாரத்துக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் மரப்பலகையை விட்டுத் துணியில் தீட்டத் தொடங்கியபின் ஓவியப் பரப்புக்கும் அதுவே பெயரானது. ஓட்டுக் கேட்பது எப்படிக் கேன்வாஸ் ஆனது? ஒருவரைக் கித்தானில் போட்டு மேலே தூக்கித் தூக்கி எறிவதை அந்த வினை முதலில் குறித்தது. பிறகு ஒரு விஷயத்தை அலசுவதற்கு நகர்ந்து, கடைசியில் ஆதரவு திரட்டுவதில் வந்து நின்றது.

துணி என்ற பொருளுக்கு நம்மிடம் கித்தான் இருக்கிறது. கித்தான் பை, கித்தான் கட்டில் என்று இன்றும் சொல்கிறோம். ஆளியையும் அதன் நாரில் நெய்த துணியையும் குறிக்கும் அரபுச் சொல் கத்தானுக்கு இது உறவு. ஓவியத்துணிக்கு இன்னும் பழைய சொல் ஒன்று உண்டு: கிழி. மடலேறும் தலைவன் தலைவியின் உருவை எழுதிக் கையில் பிடிப்பது கிழியில்தான். தருமி வாங்கிய பொற்கிழியும் அந்தத் துணி முடிச்சே. ஆனால் இன்றைக்குப் போய் 'கிழியில் வரை' என்றால் மாணவர்கள் சிரிப்பார்கள். படம் என்ற சொல்லுமே துணியைக் குறிக்கும் வடமொழிப் பட என்பதிலிருந்து வந்ததுதான்.

சரி, நிரலுக்கு வருவோம். நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர் 2003-இல் வெளியிட்ட மேட்பிளாட்லிப்பில் ஃபிகர், கேன்வாஸ், ஜன்னல் மூன்றும் வேறு வேறு. கோடு, அச்சு, எழுத்து எல்லாம் பொருள்களாக நினைவகத்தில் இருப்பது ஃபிகர். அவற்றை நிறப்புள்ளிகளாகத் தீட்டும் பரப்பு கேன்வாஸ். அதைக் கண்ணுக்குக் காட்டுவது ஜன்னல். சினிமா பேனர் எழுதும் ஓவியர் கொட்டகையில் முகத்தைத் திருத்திவிட்டால் போதுமா? துணி முச்சந்திக்கு ஏறினால்தானே ஊர் பார்க்கும்? "டேட்டா மாறிடுச்சு சார், படம் மாறல" என்ற புலம்பலில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால் வருவது.

வைகை அணை நீர்மட்டத்தைக் கோடாக ஓடவிடுகிறீர்கள் என்று வையுங்கள். புதிய மதிப்பை ஏற்றும் செட் டேட்டா கட்டளையைக் கொடுத்ததும் கோடு ஃபிகரில் மாறிவிடும், 'பழையது' என்ற குறியும் விழும். ஆனால் மாற்றத்தை உடனுக்குடன் காட்டும் ஊடாட்ட முறை அணைந்திருந்தால் கேன்வாஸ் தானாகத் தீட்டாது. டிரா என்ற கட்டளை உடனே தீட்டச் சொல்கிறது, டிரா ஐடில் ஓய்வு கிடைக்கும்போது தீட்டச் சொல்கிறது. அடிக்கடி மாறும் படத்துக்கு இரண்டாவதே நல்லது, அதோடு காத்திருக்கும் வேலைகளை முடிக்கச் சொல்லும் ஃபிளஷ் ஈவென்ட்ஸும் வேண்டும். இடையில் நிரலைத் தூங்கவைக்கும் டைம் ஸ்லீப் போட்டால் ஜன்னலும் சேர்ந்து தூங்கும், சாம்பல் பூத்து நிற்கும். அதற்குப் பதில் மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் பகுதியிலுள்ள பாஸ் போட்டால் காத்திருக்கும் நேரத்திலும் ஜன்னல் உயிரோடு இருக்கும்.

இன்னொரு வகை ஏமாற்று இது. அச்சு 50 முதல் 60 அடி வரை நிற்கிறது, மட்டமோ 66-ஐத் தொட்டுவிட்டது. கரையோரத்துக்கு முதல் வெள்ள எச்சரிக்கை போகும் உயரம் அது, முழுக் கொள்ளளவு 71. கேன்வாஸ் ஒழுங்காகத் தீட்டியிருக்கும், கோடு சட்டத்துக்கு மேலே போனதால் தெரியாது. எல்லையைப் புதிதாகக் கணக்கிடும் ரீலிம், அதற்கேற்ப அச்சை மாற்றும் ஆட்டோஸ்கேல் வியூ இரண்டையும் அழைத்தபின் தீட்டச் சொல்லுங்கள். மறுவரைவைப் பழி சொல்லுமுன் அச்சைப் பாருங்கள் என்பேன்.

ஜன்னலே வரவில்லையா? பின்னணியில் தீட்டும் கருவி (பேக்கெண்ட்) எது என்று கேட்கும் கெட் பேக்கெண்ட் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அக் என்று மட்டும் வந்தால் அது நினைவகத்தில் மட்டும் தீட்டும் வகை. கோப்பாகச் சேமிக்கும், ஜன்னலில் காட்டு என்று ஷோ சொன்னால் ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். திரை இணைக்காத சர்வரில் நூலகம் தானாகவே இதற்கு இறங்கிவிடும். உபுண்டு இயங்குதளத்தில் ஜன்னல் திறக்க உதவும் டிகே தொகுப்பு நிறுவாவிட்டாலும் இதே நிலைதான் பெரும்பாலும்.

கேன்வாஸைத் திரை என்று மொழிபெயர்ப்பதை இந்த அக் ஒன்றே மறுத்துவிடும். திரையே இல்லாத சர்வரிலும் கேன்வாஸ் இருக்கிறதே. திரைச்சீலை ஜன்னலில் தொங்குவது. வரைபலகை கணிப்பொறிக்கு முந்திய பொருளை இழுத்து வருகிறது. என் தேர்வு வரைதளம்: தீட்டும் இடம் என்று மட்டும் சொல்கிறது, காட்டும் இடம் என்று சொல்வதில்லை. ஃபிகருக்குப் படம், ரீடிராவுக்கு மறுவரைவு, டிரா ஐடிலுக்கு 'ஓய்வில் வரை' என்று வைத்துக்கொண்டால் 'படம் மாறியது, வரைதளம் மாறவில்லை' என்று பிழையைத் தமிழிலேயே சொல்லிவிடலாம். நிரலில் தட்டச்சிடும் பெயர் கேன்வாஸாகவே இருக்கும் என்பதால், பாடக் குறிப்பில் முதல் முறை இரண்டையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.