பறந்த சருகும் முதுகில் ஒரு கறையான் பொம்மையும்

போச்சம்பள்ளி பக்கம் ஒரு மாந்தோப்பில், பங்குனி வெயிலுக்குப் பயந்து நிழலில் உட்கார்ந்திருந்தேன். காலடியில் கிடந்த சருகுகளில் ஒன்று எழுந்து பறந்து, நாலடி தள்ளிப் போய் மறுபடியும் சருகாகிவிட்டது. குனிந்து தேடியதில் ஐந்து நிமிடம் போனது. நடு நரம்பு, கறைகள், ஓரத்தில் வளைந்த நுனி என்று எல்லாம் அச்சு அசல். மெலானிடிஸ் லீடா என்ற வண்ணத்துப்பூச்சி இது. பகலை மரநிழலில் ஓட்டிவிட்டு அந்தியில்தான் கிளம்பும், பூந்தேனைவிட அழுகிய பழச்சாறுதான் இதற்கு ருசி, அதனால் மாம்பழ சீசனில் உதிர்ந்த பழத்தைச் சுற்றியும் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் பிறப்பதற்கு வேறு வேஷம். இறக்கையின் அடிப்பக்க ஓரத்தில் கண் மாதிரி வட்டங்கள் வந்துவிடும். தரை பச்சையாகிவிட்டால் சருகாக நடித்து என்ன பயன்? ஓணான் அந்தப் பொய்க் கண்ணைப் பார்த்துக் கவ்வினால் இறக்கை கொஞ்சம் கிழியும், உடம்பு தப்பிவிடும். இரண்டு வேஷத்துக்கும் மரபணு ஒன்றேதான். புழுவாக இருக்கும்போது பட்ட வெப்பமும் ஈரமும்தான் எந்தச் சட்டை என்று முடிவு செய்கின்றன.

சரி, இதெல்லாம் பார்க்கிறவன் கண்ணை ஏமாற்றும் வித்தை. அதே தோப்பில் வரப்போரமாக ஒரு கறையான் புற்று இருக்கிறது. உள்ளே கும்மிருட்டு, வேலைக்காரக் கறையான்களுக்குப் பார்வையே கிடையாது. அங்கே எவ்வளவு அழகாக வேஷம் கட்டினாலும் யார் பார்ப்பது?

ஆனாலும் கறையானோடு வாழும் ஒரு வண்டு வேஷம் கட்டியிருக்கிறது. நம் புற்றில் இல்லை, ஆஸ்திரேலியாவில். ஆஸ்ட்ரோஸ்பிராக்தா கரிஜோய் என்று 2023இல் பெயர் வைத்தார்கள். அதன் வயிறு பலூன் மாதிரி ஊதி, பின்னாலிருந்து முதுகுக்கு மேல் மடிந்து, ஒரு கறையான் பொம்மையாகவே கிடக்கிறது. தலை உண்டு, உணர்கொம்பும் கால்களும் மாதிரி சதை நீட்டல்கள்கூட உண்டு. நிஜ வண்டு பொம்மைக்கு அடியில் ஒளிந்திருக்கும். படத்தை முதலில் பார்த்தபோது, கறையானைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறது என்றே நினைத்தேன்.

கறையான் உணர்கொம்பால் தடவித்தான் ஆளை அறியும். தடவும்போது கைக்குப் பழகிய உருவம் தட்டுப்பட வேண்டும், அதற்குத்தான் இந்தப் பொம்மை என்கிறார்கள். உருவம் மட்டும் போதாது, மணமும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு புற்றுக்கும் அதன் உறுப்பினர் தோலில் பூசிய மெழுகில் தனி வாசனை உண்டு, அது இல்லாத அந்நியனைக் கடித்துக் குதறிவிடுவார்கள். இதில் தேறிவிட்டால் அப்புறம் யோகம்தான்: கறையான்கள் தங்களுக்குள் வாயோடு வாய் ஊட்டிக்கொள்வதுபோல இந்த வண்டுக்கும் ஊட்டிவிடும் என்று கருதுகிறார்கள். நம்ம மாந்தோப்பு வண்ணத்துப்பூச்சி பாவம், மழை வந்தாலும் வெயில் வந்தாலும் உதிர்ந்த பழத்தைத் தேடித் தானே போக வேண்டும்.