சொரியாசிஸும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளும்

சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு, நோயெதிர்ப்பின் மிகைச்செயலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை எடுத்துவந்த ஒருவர், அதைத் தாமாகவே நிறுத்திவிட்டு, மூன்று மாதங்களாக விலையுயர்ந்த ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றத் தடுப்பு) மாத்திரைகளை மட்டும் சாப்பிட்டு, முதுகெங்கும் தடித்துச் செதிலுதிரும் படைகளோடு என்னிடம் வந்தார். “ஃப்ரீ ரேடிக்கல் அதிகமானதால்தான் இந்த நோய் வருகிறது என்று வீடியோவில் சொன்னார்கள், டாக்டர்” என்றார். அதில் பாதி உண்மை இருப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது.

இந்நோயில் தோலுக்குள் குவியும் நியூட்ரோபில் வெள்ளணுக்கள், கிருமிகளைக் கொல்வதற்கென்று தம்மிடம் உள்ள சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, எளிதில் வினைபுரிந்து செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் சேர்மங்களைக் (ஃப்ரீ ரேடிக்கல்கள் பலவும் இவ்வகையே) கிருமியே இல்லாத இடத்தில் வெளிவிடுகின்றன. கேட்டலேஸ் முதலிய நொதிகள் அவற்றைச் செயலிழக்கச் செய்யத் திணறும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அது அழற்சியைத் தூண்டும் புரதங்களைப் பெருக்குகிறது. அப்புரதங்கள் மேலும் வெள்ளணுக்களை அழைத்துவருகின்றன. ஒரு மாத அளவில் முதிர்ந்து உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாட்களிலேயே மேலே வந்து செதிலாகின்றன.

அப்படியானால் ஆன்டிஆக்சிடன்டை விழுங்கினால் போதாதா? போதாது. இதே சேர்மங்களைச் சிறு அளவில் நம் செல்கள் செய்தி கடத்தவும் பயன்படுத்துகின்றன. நாங்கள் சொரியாசிஸுக்குக் கொடுக்கும் புறஊதா ஒளிச் சிகிச்சையும்கூட அவற்றை உண்டாக்குகிறது. 1959இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷ்வெக்கென்டீக் தம் சொரியாசிஸுக்குத் தாமே சோதித்துப் பார்த்த ஃபியூமரிக் அமிலத்தின் வழிவந்த மருந்து, 1994இல் ஜெர்மனியில் அனுமதி பெற்றது. அம்மருந்து, செல்லுக்குள் உறங்கும் தற்காப்பு மரபணுக்களை எழுப்புவதோடு, நோயெதிர்ப்பு அணுக்களின் போக்கையும் மாற்றுகிறது. மருத்துவர் கண்காணிப்பில், இரத்த அணுக்களைத் தொடர்ந்து எண்ணிப் பார்த்தே அதைக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கும் சத்து மாத்திரையோடு அதை ஒப்பிடவே முடியாது.

அந்த நோயாளி நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் புகைப்பவர். ஒவ்வோர் இழுப்பிலும் கோடானுகோடி ஃப்ரீ ரேடிக்கல்களை உள்ளே அனுப்பிக்கொண்டு, அவற்றை ஒழிக்க மாத்திரை வாங்கியிருக்கிறார். புகைப்பழக்கம் சொரியாசிஸ் வரும் வாய்ப்பைக் கூட்டுவதும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க்கொப்புளங்கள் தோன்றும் வகையோடு அதற்கு நெருங்கிய தொடர்பிருப்பதும் நன்கு அறியப்பட்டவை. அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

இரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனைகளுக்குப் பின் மெத்தோட்ரெக்சேட்டை மீண்டும் தொடங்கினேன். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். சத்து மாத்திரை எதுவானாலும் டப்பாவோடு கொண்டுவந்து மருத்துவரிடம் காட்டுங்கள். கிரீன் டீ சாறும் மஞ்சள் சாறும் செறிவூட்டப்பட்ட மாத்திரைகளாகும்போது சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன, மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கோ அந்தக் கல்லீரலைத்தான் நாங்கள் கண்ணும் கருத்துமாகக் கவனித்துவருகிறோம்.