கருப்பு நகைச்சுவையா, அவல நகையா?

சிங்காநல்லூரில் நான் டீ குடிக்கும் பேக்கரியில் எந்நேரமும் டிவி ஓடும். போன வாரம் அதன் அடிவரியில் இப்படிப் போனது: ‘நகரின் குற்றங்கள் குறித்துக் கருப்பு நகைச்சுவை: பொதுச் சீற்றம்’. ஏதோ அயல்நாட்டு ஊர். அங்கே நடக்கும் கொலை, வழிப்பறியை வைத்து மேடையில் ஒருவர் ஜோக்கடிக்க, ஊர்க்காரர்கள் பொங்கிவிட்டார்கள். பக்கத்தில் தேங்காய் பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்த பெரியவர் என் பக்கம் திரும்பினார். “ஏனுங் தம்பி, கருப்பு நகைச்சுவைன்னா என்னுங்? கருப்பராயன் கோயில்ல போடற கூத்துங்களா?”

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. இந்த மாதத்தில் மட்டும் நான்காவது தடவை இந்தச் சொல் கண்ணில் படுகிறது.

சாவு, கொலை, துயரம் இவற்றை வைத்துச் சிரிக்கிற சிரிப்புக்கு ஆங்கிலத்தில் ‘பிளாக் ஹியூமர்’ என்று பெயர்; அதன் நேர் மொழிபெயர்ப்பு இது. பூர்விகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் இந்த வகை எழுத்துகளைத் தொகுத்து 1940-இல் அச்சிட்டபோது ‘உமூர் நுவார்’, அதாவது கருப்பு நகைச்சுவை, என்று பெயர் வைத்தார். ஏழைகளின் கஷ்டம் தீர அவர்களுடைய பிள்ளைகளையே கறிக்கு விற்கலாம் என்று 1729-இல் முகத்தில் சிரிப்பே காட்டாமல் யோசனை சொன்ன அயர்லாந்து எழுத்தாளர் ஸ்விஃப்டுக்குத்தான் அதில் முதல் பந்தி. ஜெர்மானியரிடம் பிரெத்தோனுக்கு முன்பே ‘தூக்குமர நகைச்சுவை’ இருந்தது. திங்கட்கிழமை தூக்குமேடைக்குப் போகிறவன் ‘இந்த வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது’ என்றானாம். உளவியல் அறிஞர் ஃபிராய்டு 1905-இல் காட்டிய உதாரணம் இது.

ஐரோப்பியனுக்குக் கருப்பு சாவின் நிறம், துக்கத்தின் நிறம். நமக்கு? எங்கள் பாட்டிமார் தாலியறுத்த பின் உடுத்தியது வெள்ளைச் சேலை. கருப்பராயனோ ஊருக்குள் கள்ளன் நுழையாமல் எல்லையில் அரிவாளோடு நிற்கிற சாமி. ‘கருப்புப் பணம்’, ‘கருப்புச் சந்தை’ இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. அந்த வரிசையில் பார்த்தால், சினிமா கொட்டகை வாசலில் பிளாக்கில் விற்ற டிக்கெட் மாதிரி, கள்ளத்தனமாக விற்ற ஜோக் என்றுதான் பொருள்படும். எழுத்தையாவது சரியாகப் போடுகிறார்களா? இடையின ‘ரு’ போட்ட கருப்புக்குப் பஞ்சம் என்றும் பொருள் உண்டு. கரும்பின் சாறு கருப்பஞ்சாறு. ஆக, பஞ்ச நகைச்சுவை, இல்லாவிட்டால் கரும்பு நகைச்சுவை.

சரி, வல்லின ‘று’ போடுவோம் என்றால் தொல்காப்பியர் குறுக்கே நிற்கிறார்: ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’. இரண்டுக்கும் வெகுளி, அதாவது கோபம், என்றுதான் பொருள். நிறத்தைச் சொல்ல வருவதெல்லாம் அதற்கு அடுத்துத்தான். அந்தக் கணக்கில் கறுப்பு வந்தது ஊர்க்காரர்களுக்கு. மேடையில் நின்றவரிடம் இருந்தது வேறு.

அது என்ன என்பதற்கும் தொல்காப்பியரிடமே பதில் இருக்கிறது. உணர்ச்சிகளைப் பற்றிய மெய்ப்பாட்டியல் பகுதியில், சிரிப்பு பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலுக்கு உரை சொல்லும் பேராசிரியர் என்ற பழைய உரைகாரர் அதை இரண்டாகப் பிளக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது மற்றொன்று. மொழிபெயர்ப்பாளர்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான்.

1998 பிப்ரவரி 14-இல் கோவையில் தொடர் குண்டு வெடித்து 58 பேர் செத்தார்கள். அதன்பின் கொஞ்ச காலம் எந்தக் கடைக்குப் போனாலும் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒப்பணக்காரத் தெரு ஜவுளிக்கடை வாசலில் காவலாளி என் மாமாவின் தூக்குப்போசியைத் திறக்கச் சொன்னார். மாமா மூடியைத் திருகிக்கொண்டே, “தயிர்ச் சோறுதானுங், புளிச்சிருக்கும், வெடிக்காதுங்” என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், அந்தக் காவலாளியும்தான். இரண்டு மாதம் கழித்துச் சென்னை விடுதியில் ஒருவன் என் பெட்டியைக் காலால் தட்டி, “கோயம்புத்தூரா? உள்ள குண்டு இருக்கா?” என்றான். அதற்கும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. இரண்டிலும் குண்டு அதே குண்டுதான்.

மாமா சொன்னதுக்குப் பெயர் அவல நகை. சிறுபத்திரிகைக்காரர்கள் சிலர் ‘அவல நகைச்சுவை’ என்று முன்பே எழுதியதுதான், நான் கண்டுபிடிக்கவில்லை. அவலத்துக்குள் நிற்கிறவன் சிரிக்கிற சிரிப்பு என்பது சொல்லிலேயே தெரிகிறது. ‘இருண்மை நகைச்சுவை’ என்கிறவர்களும் உண்டு. இருண்மை என்றால் புரியாமை என்று கவிதைக்காரர்கள் எடுத்துக்கொண்டு வெகுநாளாயிற்று. ‘துன்பியல் நகைச்சுவை’ என்பது நாடகத்தில் வேறொரு வகை. ‘கருப்புன்னாதாங்க எல்லாருக்கும் புரியுது’ என்று எதிர்வாதம் வரும். எல்லாருக்கும் எங்கே புரிகிறது? ஆங்கிலம் தெரிந்தவர்கள் மனசுக்குள் மறுபடி ஆங்கிலமாக்கிப் புரிந்துகொள்கிறார்கள். பேக்கரிப் பெரியவருக்குப் புரியவில்லையே. அவருக்கு விவரம் சொன்னதும், “அப்ப அந்தாளு பண்ணுனது நக்கலுங். நக்கல்னே போட்டா என்னவாமா?” என்றார். குசும்புக்குப் பேர்போன ஊர்க்காரருக்குக் குசும்பு எது, நக்கல் எது என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ‘நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி’ என்று வள்ளுவர் சொன்னதும் அந்த நக்கலைத்தான்.

கருப்பு என்று போட்டதால் வந்த வினை, வெறும் இகழ்ச்சிக்கு இலக்கியப் பட்டம் கிடைத்துவிடுகிறது. கோபப்பட்ட ஊர்க்காரன் ரசனை கெட்டவன் ஆகிவிடுகிறான்.

அடுத்து அந்தப் ‘பொதுச் சீற்றம்’. சீறுவது பாம்பு, வானிலை அறிக்கையில் கடல். பொதுக்கூட்டம், பொதுக்கழிப்பிடம் போல இதையும் யார் கட்டிவைத்தார்கள்? தமிழில் வெகுளி எதிலிருந்து வரும் என்று அதே மெய்ப்பாட்டியல் பட்டியல் போடுகிறது: ‘உறுப்பறை குடிகோள் அலை கொலை’. கையைக் காலை வெட்டுவது, குடும்பத்துக்குக் கேடு சூழ்வது, அடித்து வதைப்பது, கொல்வது. அந்த நகரத்தின் போலீஸ் ஏடே இதில் அடங்கிவிடும். இத்தனையும் அனுபவித்தவர்களுக்கு அதை வைத்து ஒருவன் காசு பார்த்தால் வருவது வெகுளிதான். பழைய சொல் வேண்டாமென்றால் ‘ஊர் கொதித்தது’ என்று போடலாம். அடிவரியில் இடமும் மிச்சம்.