அருகிவருகிறதா, அழிந்தேவிட்டதா? ஆங்கிலத்தில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

ஆய்வுக் கட்டுரைகளையும் நிறுவனங்களின் அறிக்கைகளையும் ஆங்கிலத்தில் செம்மைப்படுத்திக் கொடுப்பது என் தொழில். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். எழுத்துப்பிழையும் வேற்றுமைப் பிழையும் எனக்குப் பெரிய கவலை இல்லை. அவற்றை மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும். மென்பொருள் கண்டுகொள்ளாத பிழை ஒன்று இருக்கிறது. ஒரு பறவையோ, பழக்கமோ, கருவியோ, நோயோ குறைந்துவருகிறது என்று எழுதும் இடத்தில் அது வரும். இலக்கணம் சுத்தமாக இருக்கும், ஆனால் செய்தி மாறிப்போயிருக்கும்.

'எக்ஸ்டிங்க்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மிகவும் அரிதாகிவிட்டது என்ற பொருளில் பலர் இதை எழுதிவிடுகிறார்கள். அந்த இனத்தில் ஓர் உயிர்கூட மிச்சமில்லை என்பதுதான் அதன் பொருள். ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் 'வல்னரபிள்', 'எண்டேஞ்சர்டு', 'கிரிட்டிக்கலி எண்டேஞ்சர்டு' என்று ஆபத்து படிப்படியாக ஏறுகிறது. அதற்கு மேல் 'எக்ஸ்டிங்க்ட் இன் தி வைல்டு', அதாவது காட்டில் இல்லை, மனிதர் வளர்ப்பில் மட்டும் இருக்கிறது. கடைசியாகத்தான் 'எக்ஸ்டிங்க்ட்'. எண்ணிக்கை எவ்வளவு, எவ்வளவு வேகமாகக் குறைகிறது, வாழும் பரப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் ஓர் இனத்தை ஒரு படியில் வைக்கிறார்கள். அறிக்கையில் அழுத்தம் வேண்டும் என்பதற்காக ஒரு படி ஏற்றி எழுதினால், காப்பாற்றக் கேட்கும் நிதிக்கே அர்த்தமில்லாமல் போய்விடும். இல்லாத உயிரைக் காக்க யார் பணம் கொடுப்பார்கள்?

மொழிகள், கைத்தொழில்கள், பழக்கங்கள் பற்றி எழுதும்போதும் இதே கதைதான். 'இஸ் டையிங் அவுட்' என்றால் இன்னும் உயிர் இருக்கிறது. 'ஹேஸ் டைடு அவுட்' என்றால் முடிந்துவிட்டது. 'நோ லாங்கர் காமன்' என்பதும் 'நோ லாங்கர் எக்ஸிஸ்ட்ஸ்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது பரவலாக இல்லை என்கிறது, இரண்டாவது இல்லவே இல்லை என்கிறது. 'ஃபியூ பீப்பிள்' என்றால் ஆளே இல்லையே என்ற குறை தொனிக்கும். முன்னால் ஒரு 'எ' சேர்த்து 'எ ஃபியூ பீப்பிள்' என்றால் சிலராவது இருக்கிறார்களே என்ற தெம்பு வரும். அந்தத் தொழிலில் இன்னும் இருப்பவரைப் பற்றி எழுதும்போது இந்த ஒற்றை எழுத்து அவருக்குச் செய்யும் நியாயம்.

அடுத்தது, இது யாருடைய வேலை என்ற கேள்வி. எனக்கு இதுதான் மிக முக்கியம். 'தி யூஸ் ஹேஸ் பீன் ரெட்யூஸ்டு' என்று எழுதி அனுப்புவார்கள். அதற்குப் பொருள் யாரோ குறைத்தார்கள் என்பது. தானாகக் குறைந்திருந்தால் 'டிக்ளைண்டு' என்றோ 'ஃபால்லன்' என்றோ எழுத வேண்டும். தமிழ் பேசுபவருக்கு இது புதிய பாடமே இல்லை. குறைந்தது, குறைத்தது, அழிந்தது, அழித்தது, ஒழிந்தது, ஒழித்தது என்று ஒரு மெய்யெழுத்திலேயே தன்வினையையும் பிறவினையையும் நாம் பிரித்துவிடுகிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தக் கூர்மையைக் கையோடு எடுத்துப் போனாலே போதும்.

வட அமெரிக்காவின் பயணிப் புறாவைப் பாருங்கள். கோடிக்கணக்கில் இருந்த பறவை. கடைசியாக எஞ்சியிருந்த மார்த்தா என்ற புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. இதை 'டைடு அவுட்' என்று எழுதினால் ஏதோ தானாக மறைந்ததுபோல ஆகிவிடும். சந்தைக்காக அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள், காடுகளையும் வெட்டினார்கள். 'ஹண்டட் டு எக்ஸ்டிங்க்‌ஷன்', 'வைப்டு அவுட்' என்பவைதான் நேர்மையான தொடர்கள். எழுதுபவர் நாகரிகம் கருதித் தேர்ந்தெடுக்கும் மென்மையான தொடர், பல நேரம் கொன்றவரின் கையைத் துடைத்துவிடுகிறது.

தானாக மறைவதைச் சொல்லும் 'டைடு அவுட்' என்பதற்கு 'ஃபேஸ் அவுட்' நேர் எதிர். அதில் திட்டமும் கால அட்டவணையும் ஓர் அதிகாரமும் உண்டு. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வேதிப்பொருள்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. ஈயம் கலந்த பெட்ரோலும் ஒவ்வொரு நாடாக நிறுத்தப்பட்டு, 2021இல் அல்ஜீரியாவோடு முடிவுக்கு வந்தது. ஆனால் ஒரு பாட்டு வகையையோ விளையாட்டையோ 'ஃபேஸ்டு அவுட்' என்று எழுதினால், அதை யாரோ கூடித் தீர்மானித்து நிறுத்தியதாகிவிடும். அப்படிப்பட்டவற்றுக்கு 'ஃபால்லன் அவுட் ஆஃப் யூஸ்' அல்லது 'கான் அவுட் ஆஃப் ஃபேஷன்' போதும்.

இதெல்லாம் வெறும் நடை விஷயம் என்று சொல்பவர்களுக்கு 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டைக் காட்டுவேன். நிலக்கரி மின்சாரம் பற்றிய வாசகத்தில் 'ஃபேஸ் அவுட்' என்று இருந்ததைக் கடைசி நேரத்தில் இந்தியா 'ஃபேஸ் டவுன்' என்று மாற்றக் கேட்டது. அறவே நிறுத்துவது என்பது, படிப்படியாகக் குறைப்பது என்று ஆனது. சுவிட்சர்லாந்தும் மார்ஷல் தீவுகளும் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தன. மாறியது ஒரே ஒரு சொல்தான்.

நோய்களைப் பற்றி எழுதுபவர்கள் 'எலிமினேட்டடு', 'எராடிகேட்டடு' இரண்டையும் கலக்கக்கூடாது. முதலாவது ஒரு நாட்டிலோ பகுதியிலோ தொடர் பரவல் நின்றுவிட்டது என்பது. இரண்டாவது உலகத்திலேயே இல்லை என்பது. அந்த நிலையை எட்டியவை இரண்டு நோய்கள் மட்டுமே: 1980இல் அறிவிக்கப்பட்ட பெரியம்மை, 2011இல் அறிவிக்கப்பட்ட கால்நடை வெக்கை நோய். அமெரிக்காவில் தட்டம்மை 2000இல் 'எலிமினேட்டடு' ஆனது, ஆனாலும் வெளியிலிருந்து வந்து தலைகாட்டியபடியே இருந்தது. இந்தச் சொல்லைத் தவறாகப் போட்டால், தடுப்பூசி இனி எதற்கு என்று படிப்பவர் நினைக்க இடம் கொடுக்கிறோம்.

'ரேர்', 'ஸ்கேர்ஸ்' குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேவைக்குப் போதவில்லை என்றால்தான் 'ஸ்கேர்ஸ்'. அதனால் தண்ணீர் 'ஸ்கேர்ஸ்' ஆகலாம், நோய் 'ரேர்' ஆகத்தான் இருக்க முடியும். நோய்க்குத் தட்டுப்பாடு என்று யாரும் சொல்வதில்லையே! அப்புறம் 'ஆப்சலீட்', 'ஆப்சலெசண்ட்': வழக்கொழிந்தது முதலாவது, வழக்கொழிந்துகொண்டிருப்பது இரண்டாவது.

'எ திங் ஆஃப் தி பாஸ்ட்', அதாவது பழங்கதையாகிவிட்டது என்ற தொடரை நான் கண்ட இடத்தில் எல்லாம் கேள்விக்குறி போடுவேன். படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் எங்கே? இசைத்தட்டுகளின் காலம் முடிந்தது என்று எத்தனை பேர் எழுதினார்கள்! 2020இன் முதல் பாதியில் அமெரிக்காவில் இசைத்தட்டு வருமானம் சி.டி. வருமானத்தையே தாண்டியது, 1980களுக்குப் பிறகு முதல் தடவையாக.

ஆகவே என்னிடம் வருபவர்களிடம் நான் கட்டாயம் கேட்பது, அந்தக் கூற்று எந்த ஆண்டுக் கணக்கு என்பது. சிமிட்டர் ஓரிக்ஸ் என்ற மான் இனம் காட்டில் அற்றுப்போனதாக 2000இல் அறிவிக்கப்பட்டது. வளர்ப்பில் இருந்தவற்றை சாட் நாட்டில் மறுபடி காட்டில் விட்டார்கள். 2023 இறுதியில் சிவப்புப் பட்டியல் அதை 'எண்டேஞ்சர்டு' படிக்கு இறக்கியது. பழைய கட்டுரையைப் பார்த்து 'எக்ஸ்டிங்க்ட் இன் தி வைல்டு' என்று இன்று எழுதினால் அது தவறு. 'ஆஸ் ஆஃப்' (இந்த ஆண்டு நிலவரப்படி) போட்டு ஆண்டையும் எழுதியிருந்தால் பழைய வரியும் சரியாகவே இருந்திருக்கும்.