பறக்கும் பல்லியா, பறக்கும் ஓந்தியா?

மலேசியாவின் தாப்பா பட்டணத்தை ஒட்டிய பழைய பால்மர (ரப்பர்) காட்டில், காலை எட்டு மணிக்கு மேல் அண்ணாந்து நின்றால், ஒரு மரத்திலிருந்து பழுப்பிலை ஒன்று கிளம்பும். தரையில் விழாமல் சாய்வாக மிதந்துபோய் அடுத்த மரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அப்படியே மேலே ஏறத் தொடங்கும். மலாய்க்காரர்கள் இதைச் 'சிச்சாக் கூபின்' என்றும் 'சிச்சாக் தெர்பாங்' என்றும் சொல்கிறார்கள். சிச்சாக் என்றால் பல்லி, தெர்பாங் என்றால் பறத்தல். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'பறக்கும் பல்லி'. ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தாலும் அங்கேதான் போய் நிற்போம். இந்தப் பெயரில் 'பறக்கும்' சரி, 'பல்லி'தான் தவறு.

ஆங்கிலத்தின் 'லிசர்ட்' ஒரு பெருங்கூடை. பல்லி, ஓணான், அரணை, உடும்பு நான்கையும் அதற்குள் போட்டுவிடலாம். தமிழில் அப்படி ஒரு கூடை கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. நாம் ஒவ்வொன்றையும் பிரித்தே பெயரிட்டோம். பல்லிக்கு மூடித் திறக்கும் இமை இல்லை; நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். விரலடியில் ஒட்டும் பட்டைகள் இருப்பதால் சுவரிலும் கண்ணாடியிலும் நடக்கும். பெரும்பாலும் இரவில் இரை தேடும். நம் பால்மரத்து உயிருக்கோ இமை உண்டு, கண் சிமிட்டும். விரலில் பட்டைகள் இல்லை, கூர்நகங்கள் உண்டு. அதனால் சொரசொரப்பான பட்டையுள்ள மரம் வேண்டும், கண்ணாடியில் ஏறாது. பகலில் மட்டும் நடமாடும். ஆண் தன் தொண்டைத் தோலைக் கொடிபோல் நீட்டி மடக்கும். இவை எல்லாம் ஓணான் குடும்பத்தின் அடையாளங்கள்.

பெயரை மாற்றச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. உண்மையாகவே மிதந்து இறங்கும் பல்லி ஒன்று இதே மலேசியக் காடுகளில் வாழ்கிறது. அதன் விலா ஓரத்திலும் கால்களிலும் வாலோரத்திலும் தோல்மடிப்புகள் இருக்கும், விரல்களுக்கிடையே சவ்வும் உண்டு. பகலெல்லாம் மரப்பட்டையோடு பட்டையாய் அப்பிக்கிடந்து இரவில் வெளிவரும். 'பறக்கும் பல்லி' என்ற பெயர் அதற்கே உரியது. ஓணானுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் இந்தப் பல்லியை என்னவென்று அழைப்பது?

'ஓந்தி' சங்க காலத்துச் சொல். குறுந்தொகை 140ஆம் பாட்டில் 'வேதின வெரிநின் ஓதி முதுபோத்து' என்று வருகிறது. பல்வைத்த அரிவாள் போன்ற முதுகுடைய முதிர்ந்த ஆண் ஓந்தி என்பது பொருள். முதுகு முள்வரிசையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஓதி, ஓத்தி, ஓந்தி, ஓந்தான், ஓணான் எல்லாம் ஒரே சொல்லின் வடிவங்கள். மலையாளத்தில் ஓந்து, கன்னடத்தில் ஓதி. மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த இனத்தின் உறவு ஒன்று வாழ்கிறது. அதை நேரில் பார்த்துப் பழகிய மலையாளிகள் பறயோந்து என்கிறார்கள், கன்னடர்கள் ஹாருவ ஓதி என்கிறார்கள். இருவருமே பல்லி என்று சொல்லவில்லை. நம் 'பச்சோந்தி'யும் பச்சை ஓந்திதான். மலேசியத் தமிழர் பச்சோந்தி என்று காட்டும் பச்சைக் கொண்டை ஓணானும் (மலாயில் சும்பா-சும்பா) இதே குடும்பம்.

'பறக்கும்' என்பதையும் மாற்றவேண்டும் என்பவர்கள் உண்டு. இறக்கை அடிக்காததை எப்படிப் பறப்பது என்பது என்று கேட்கிறார்கள். தமிழில் பட்டம் பறக்கிறது, கொடி பறக்கிறது, தூசியும் பறக்கிறது. 'பற' என்ற வினை சிறகடிப்பைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆகவே எழுத்தில் 'பறக்கும் ஓந்தி', பேச்சில் 'பறக்கும் ஓணான்' என்பதே பொருத்தம்.

அறிவியல் பெயரான 'டிராக்கோ' லத்தீனில் பாம்பையும் பறவைநாகத்தையும் (டிராகன்) குறிக்கும். 1758இல் சுவீடன் இயற்கையறிஞர் லின்னேயஸ் ஜாவாவின் இனத்துக்கு 'டிராக்கோ வோலன்ஸ்' என்று பெயரிட்டார். வோலன்ஸ் என்றால் பறப்பது. தோட்டத்திலும் வீட்டோர மரங்களிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் 'டிராக்கோ சுமத்ரானஸ்'. முன்பு இதையும் வோலன்ஸ் என்றே எழுதினார்கள், பழைய நூல்களில் குழப்பம் வருவது இதனால்தான். ஆணின் தொண்டைக்கொடி மஞ்சள், பெண்ணுடையது சிறியது, நீலம் கலந்தது. தாப்பாவுக்கு மேலே லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் போல அடர்ந்த காட்டுக்குள் போனால் கறுப்புக் கொடியுள்ள வேறோர் இனத்தையும் எதிர்பார்க்கலாம்.

இறக்கை என்று நாம் சொல்வது விலா எலும்புதான். ஐந்து முதல் ஏழு இணை விலாக்கள் உடலைவிட்டு வெளியே நீண்டிருக்கும், அவற்றுக்கிடையே தோல். ஓய்வில் விசிறிபோல் மடிந்து பக்கவாட்டில் ஒட்டிக்கொள்வதால், சும்மா உட்கார்ந்திருக்கும் ஓந்தியிடம் இறக்கையைத் தேடினால் தெரியாது. தலைகீழாகப் பாயும், கொஞ்சம் விழும், பிறகே விலாக்களை விரிக்கும். உடனே முன்னங்கால்கள் பின்னால் திரும்பி இறக்கையின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். திசை திருப்புவது அந்தப் பிடியால்தான். மரத்தை நெருங்கும்போது உடலை நிமிர்த்தி வேகத்தைக் குறைத்து, தலை மேலாக இறங்கும். பத்து மீட்டர் உயரம் இழந்து அறுபது மீட்டர்வரை போனதாகப் பதிவு உண்டு, வழக்கமான பாய்ச்சல் அதைவிடக் குறைவு. மழையிலும் பலத்த காற்றிலும் பாயாது.

பார்க்க விரும்புவோர் இருவராகப் போகவேண்டும். ஒருவர் மட்டும் போனால் அது தண்டின் மறுபக்கம் நகர்ந்து மறைந்துகொண்டே இருக்கும். தண்டை எறும்புச்சாரியோடு சேர்த்துப் பாருங்கள், எறும்பும் கறையானும்தான் அதன் சாப்பாடு. உச்சிவெயிலில் ஒதுங்கிவிடும். உருவத்தைத் தேடவேண்டாம், மஞ்சள் பளிச்சிடும் இடத்தைத் தேடுங்கள். செம்பனையில் (எண்ணெய்ப்பனை) வெட்டிய மட்டையடிகளும் பெரணியும் தண்டை மூடியிருப்பதால் கண்டுபிடிப்பது கடினம். பால்மரமும் தென்னையும் எளிது. பிடித்துக் கூண்டில் அடைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். அது கேட்கும் எறும்பை நாள்தோறும் கூண்டுக்குள் யாரால் கொடுக்க முடியும்?

மரத்தைவிட்டுப் பெண் இறங்குவது முட்டையிடத்தான். மூக்கால் மண்ணில் குழி பறித்து, பெரும்பாலும் ஐந்துக்கு மிகாமல் முட்டையிட்டு, மண்ணால் மூடி, ஏறக்குறைய ஒரு நாள் காவல் இருந்துவிட்டு மரமேறிவிடும். அதற்குப் பிறகு அங்கே முட்டை இருப்பதற்கு எந்த அடையாளமும் இராது. மரத்தடியை மண் கிளறி மொட்டையாகச் செதுக்கும்போது அவை அழிவது நமக்குத் தெரியாமலே போவது இதனால்தான். வேரைச் சுற்றிக் கொஞ்ச இடத்தைக் கொத்தாமல் விட்டாலே போதும்.

பொரிந்து வருவதற்கும் தமிழில் சொல் இருக்கிறது. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களைச் சொன்ன தொல்காப்பிய மரபியல், தவழ்பவையும் அப்படியே என்கிறது. பறப்பதும் தவழ்வதுமான இந்த ஓந்தியின் குஞ்சைப் 'பார்ப்பு' என்று அழைக்க இரண்டு வழியிலும் இடமுண்டு.