மறுபடியும் வரும் ரத்தக்கட்டி: புரட்டாசியில் கூடுதல் கவனம்

காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி வந்து மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தவர்கள், அதோடு தொல்லை விட்டது என்றே நினைக்கிறார்கள். அந்த மாத்திரை, அதாவது ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், கட்டியைக் கரைப்பதில்லை. அது வளராமல் பிடித்து வைக்கிறது. கரைப்பது உடம்பின் வேலை. மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பிடியும் போய்விடும்.

முதலில் பார்க்க வேண்டியது, கட்டி எதனால் வந்தது என்பதை. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்திருந்தால், மாத்திரையை நிறுத்திய ஐந்து ஆண்டுகளில் மறுபடி வருவது 100 பேரில் சுமார் 3 பேருக்குத்தான். காரணமே தெரியாமல் வந்தவர்களில் முதல் ஆண்டிலேயே சுமார் 10 பேருக்கும், ஐந்து ஆண்டுகளில் 25 பேருக்கும் திரும்பி வருகிறது. ஆண்களுக்கு இன்னும் அதிகம். அதனால்தான் சிலரை மாத்திரையை நிறுத்தவே வேண்டாம் என்கிறார்கள்.

தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் பலருக்கும் கிடைப்பது வார்ஃபரின்தான். அதைச் சாப்பிடும்போது ஐஎன்ஆர் அளவு (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 2-க்குக் கீழே போனால், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கட்டி வரலாம்.

டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல தமிழ் வீடுகளில் புரட்டாசி விரதம் என்று மாதம் முழுக்கக் கறி, மீன் கிடையாது. அந்த இடத்துக்கு வருவது கீரை, அதாவது நம் பேச்சில் 'ஹெர்ப்ஸ்'. முருங்கைக்கீரை, ஸ்பினாச் எல்லாவற்றிலும் வைட்டமின் கே நிறைய. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல் இதை வைத்துத்தான் தயாரிக்கிறது. வார்ஃபரின் தடுப்பதும் இதே வேலையைத்தான். வாரம் ஒரு நாள் கீரை தின்றவர் தினமும் ஒரு கிண்ணம் தின்றால் சில நாட்களிலேயே ஐஎன்ஆர் இறங்கிவிடும். விரதம் முடிந்து கீரை குறைந்ததும் அதுவே ஏறும். கீரையை ஒதுக்கச் சொல்லவில்லை. வருஷம் முழுக்க ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். முடியாதென்றால் விரதம் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் ஒரு முறையும், முடிந்த பிறகு ஒரு முறையும் ரத்தம் பாருங்கள்.

கீரையை விடப் பெரிய இடைஞ்சல் டிபி மருந்து. அதிலுள்ள ரிஃபாம்பிசின், கல்லீரல் வார்ஃபரினை வேகவேகமாக உடைக்கும்படி செய்துவிடும். பழைய அளவு போதாமல் போகும். இரண்டு, மூன்று மடங்கு வரைகூட ஏற்ற வேண்டிவரும். டிபி மருந்து முடியும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கல்லீரல் இரண்டு வாரம்போல எடுத்துக்கொண்டு மெதுவாகப் பழைய நிலைக்கு வரும். ஏற்றிய அளவைக் குறைக்காவிட்டால் ரத்தக்கசிவு. மெடிக்கல் எய்டில் (தனியார் மருத்துவக் காப்பீட்டில்) வார்ஃபரினுக்குப் பதிலாக ரிவரோக்ஸபான் என்ற மாத்திரை வாங்குபவர்களும் தப்ப முடியாது. ரிஃபாம்பிசின் அதன் வீரியத்தையும் குறைக்கும்.

ஒரு வேளை வார்ஃபரின் மறந்தால், அன்றைக்கே நினைவு வந்தால் சாப்பிடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாரசிட்டமால் போதும். அதையும் நாள்கணக்கில் சாப்பிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

மாத்திரையை நிறுத்தும் சமயத்தில் காலுக்கு ஒரு ஸ்கேன் எடுத்து, அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். பழைய கட்டியின் தழும்பு சிரையில் தங்கிவிடுவதுண்டு. பின்னாளில் கால் வீங்கி ஸ்கேன் எடுக்கும்போது, தெரிவது பழசா புதுசா என்று பிரித்துப் பார்க்க அந்த அறிக்கை உதவும். வீட்டிலும் அளக்கலாம்: முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு முடிச்சிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். அந்த வித்தியாசம் பிறகு கூடினாலோ, புதிதாக வலி, வீக்கம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: 10177, கைப்பேசியிலிருந்து 112.